பணம் கட்டினால் எது முடிகிறது?

செஞ்சி பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் 'ஃபைன்' என்ற சொல் நாலைந்து முறையாவது காதில் விழும். ஹெல்மெட் போடாமல் பிடிபட்டவர் ஃபைன் கட்டியதாகச் சொல்வார். ஏரிப் புறம்போக்கில் வீடு கட்டியவர் வருஷா வருஷம் ஃபைன் கட்டுவதாகச் சொல்வார். பெட்டி கேஸுக்காகக் கோர்ட்டுக்குப் போய் வந்தவர், பாரம் அதிகம் என்று மடக்கப்பட்ட கல் லாரிக்காரர், தவணை தாமதமான நகைக்கடன்காரர், ஊர்ப் பஞ்சாயத்தில் தலைகுனிந்து நின்றவர் என எல்லோருக்கும் அதே சொல்தான். பேச்சை முடிக்கும் வாசகமும் ஒன்றுதான்: "பணத்தைக் கட்டியாச்சு, விஷயம் முடிஞ்சுது."

முடிந்ததா? சிலருக்கு முடிந்திருக்கும். சிலருக்குப் பாதிதான் முடிந்திருக்கும். சிலருக்கு அன்றுதான் தொடங்கியிருக்கும். சட்டத்தின் கண்ணில் இவை ஒரே வகைப் பணம் இல்லை. யார் விதித்தது, எதற்காக விதித்தது, பணம் எங்கே போகிறது, கட்டிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதெல்லாம் ஒவ்வொன்றிலும் மாறும். இந்த வேறுபாடு தெரியாததால் நம் ஊர்களில் எத்தனையோ குடும்பங்கள் வீட்டையும் வேலையையும் இழந்திருக்கின்றன. அதனால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் புறம்போக்கு. அதிகக் குழப்பம் இதில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அரசு நிலத்தில் ஒருவர் குடிசை போட்டாலும், கொல்லையை நீட்டி நாலு சென்ட் சேர்த்துக்கொண்டாலும், கிராம நிர்வாக அலுவலர் அதைப் பார்த்து ஒரு படிவத்தில் எழுதி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அனுப்புவார். யார் ஆக்கிரமித்தது, எந்தச் சர்வே எண், எவ்வளவு பரப்பு, வீடா பயிரா என்ற விவரங்கள் அதில் இருக்கும். 'பி மெமோ' என்று ஊரில் சொல்வது இதைத்தான். 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அந்த இடத்துக்குத் தீர்வையும் அதற்கு மேல் தண்டமும் விதிக்கப்படும். கட்டினால் ரசீது. அடுத்த பசலியில், அதாவது அடுத்த வருவாய்த்துறை ஆண்டில், மறுபடி மெமோ, மறுபடி ரசீது.

பல வீடுகளில் இந்த ரசீதுகள் ரேஷன் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் உறையில், மடிப்பு கிழிந்த நிலையில் பத்திரமாக இருக்கும். ஜமாபந்தி நாளில் அந்த உறையை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸுக்கு வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "இத்தனை வருஷமா கட்டுறோமே, பட்டா ஏன் தரமாட்டேங்குறீங்க?"

நியாயமாகப் படும் கேள்விதான். ஆனால் அவர்கள் கட்டியது வாடகையும் இல்லை, விலையும் இல்லை. அரசு நிலத்தை அனுமதியில்லாமல் பயன்படுத்தியதற்கான தீர்வையும் தண்டமும் அது. அந்தச் சட்டமே இன்னொரு பிரிவில், நோட்டீஸ் கொடுத்து வெளியேற்றும் அதிகாரத்தையும் வைத்திருக்கிறது. தண்டம் வாங்கியதால் அந்த அதிகாரம் போய்விடாது. ஒரு படி மேலே போனால், மெமோவுக்குப் பணம் கட்டியதே 'இது அரசு நிலம்' என்று ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். முப்பது வருஷம் அனுபவித்தேன், நிலம் எனக்கே சொந்தம் என்று உரிமை கோரப் போகிறவருக்கு அந்த ரசீதே தடையாக வந்து நிற்கும்.

அதற்காக ரசீதைக் கிழித்துப் போட்டுவிடக் கூடாது. ஆட்சேபணையற்ற புறம்போக்கில் நீண்ட காலம் குடியிருப்பவர்களுக்கு அரசு அவ்வப்போது வீட்டுமனைப் பட்டா வழங்குகிறது. அப்போது எத்தனை ஆண்டுகளாக அந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்பதற்கு இந்த ரசீதுகளே கைகொடுக்கும். ஏரி, குளம், வாய்க்கால் என்றால் கதை வேறு. நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்று 2005இல் சென்னை உயர் நீதிமன்றம் எல். கிருஷ்ணன் வழக்கில் சொன்னது. ஏரிகளுக்கென்றே 2007இல் தனிச் சட்டம் வந்தது. ஊர்ப் பொது நிலங்களைப் பற்றி 2011இல் உச்ச நீதிமன்றமும் ஜக்பால் சிங் வழக்கில் கறாராகச் சொல்லிவிட்டது. ஏரி உள்வாயில் கட்டிய வீட்டுக்கு எத்தனை வருட ரசீது இருந்தாலும் அது பாதுகாப்பு ஆகாது. இந்த இரண்டு நிலங்களுக்கும் ஒரே மாதிரி ரசீதைக் கொடுத்து, இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் அனுப்புவது அரசு அலுவலகங்கள் செய்யும் பெரிய தவறு என்று நினைக்கிறேன். 'இது எந்த உரிமையும் தராது' என்று ரசீதிலேயே இரண்டு வரி அச்சடிக்க எவ்வளவு செலவாகும்?

தண்டத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று நிலுவை. செஞ்சிக்காரர்களுக்கு அதை விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. 1698இல் முகலாயர் கோட்டையைப் பிடித்த பிறகு அதன் பொறுப்பு புந்தேலா ராஜபுத்திரரான சொரூப் சிங்கிடம் வந்தது. 1714இல் அவர் இறந்தார். மகன் தேஜ் சிங் பொறுப்பை எடுத்துக்கொண்டார். நாம் தேசிங்கு ராஜன் என்று பாடுவது அவரைத்தான். சொரூப் சிங் செலுத்தாமல் விட்ட பாக்கியை ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் மகனிடம் கேட்டார். மகன் மறுத்தார். அந்த ஆண்டிலேயே சண்டையில் உயிரும் போனது. தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் வீரமும் நட்பும் முன்னால் நிற்பதால், அடியில் கிடந்த கணக்கு கண்ணில் படுவதில்லை. நவாப் கேட்டது தன் கணக்கில் வரவேண்டிய பணம். அங்கே குற்றம் என்று எதுவும் விசாரிக்கப்படவில்லை, தண்டனை என்று எதுவும் விதிக்கப்படவும் இல்லை.

நிலுவைக்கும் தண்டத்துக்கும் இடையிலான கோட்டை ஆட்சியாளர்கள் வேண்டுமென்றே அழித்த காலமும் உண்டு. சென்னை மாகாணத்தில் நிலவரி பாக்கிக்காக விவசாயிகளைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகாரை விசாரிக்க ஒரு ஆணையம் அமைக்கப்பட்டு, 1855இல் அதன் அறிக்கை வெளிவந்தது. கிட்டி என்ற மரக்கருவியில் விரல்களை வைத்து நெரித்தது, கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்துக் குனிந்தபடியே வெயிலில் நிறுத்தியது எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. அந்த மனிதர்கள் எந்தக் குற்றமும் செய்தவர்கள் இல்லை. விளைச்சல் பொய்த்த வருடத்தில் வரி பாக்கி வைத்தவர்கள், அவ்வளவுதான். கடன்காரரைக் குற்றவாளியாக நடத்துவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அந்த அறிக்கை போதும்.

சற்றுப் பின்னே போய், சோழர் காலத்தில் தண்டம் எப்படி இருந்தது என்று பார்த்தால் இன்றைய சட்டம் இன்னும் தெளிவாகப் புரியும். செஞ்சிக்கு வடக்கே, தேசூர் அருகே சீயமங்கலம் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில் உள்ள ஊர். அங்குள்ள ஒரு சோழர் காலக் கல்வெட்டு ஒரு வழக்கைச் சொல்கிறது. வேட்டைக்குப் போன ஒருவர் எய்தது குறி தவறி, அவருடைய ஊர்க்காரர் மேலேயே பட்டு உயிர் போய்விட்டது. எழுபத்தொன்பது நாடுகளின், அதாவது அக்கால ஊர்த்தொகுதிகளின், சபையினரான நாட்டார் சீயமங்கலத்தில் கூடினார்கள். கவனக்குறைவால் நேர்ந்த பிழைக்காக இவர் சாக வேண்டியதில்லை, கோயிலில் விளக்கு எரித்தால் போதும் என்று முடிவு செய்தார்கள். அவர் 16 பசுக்களைக் கொடுத்தார். பால் கறந்து, நெய் எடுத்து, அந்த நெய்யில் விளக்கு எரிய வேண்டும். விளக்குக்கென்று விடப்படும் இத்தகைய ஆடு மாடுகளைச் 'சாவா மூவா' என்று கல்வெட்டுகள் குறிக்கும். கிழடானாலும் செத்தாலும் கன்றுகளால் எண்ணிக்கையை நிரப்பி, தொகை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பொருள்.

இந்த ஒரு தீர்ப்பில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. வேண்டுமென்று கொன்றதற்கும் தவறிக் கொன்றதற்கும் வேறுபாடு பார்த்தார்கள். சாவுக்குச் சாவு என்ற விதியைச் சொத்து கொடுத்துத் தீர்க்கும் விதியாக மாற்றினார்கள். கொடுத்த சொத்து அரசனின் கருவூலத்துக்குப் போகவில்லை. அந்த நாட்டாரின் முடிவில் இரக்கமும் அறிவும் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பசுக்கள் கோயிலுக்குப் போயின. செத்தவர் வீட்டுத் தொழுவத்துக்குப் போகவில்லை என்பதையும் பார்க்காமல் இருக்க முடியாது.

இதே போன்ற இன்னொரு கல்வெட்டு வரி வசூலைப் பற்றியது. வரி கேட்ட அதிகாரியிடம் ஒரு பெண், தான் கட்ட வேண்டியது எதுவும் இல்லை என்றார். அதிகாரி அவரைச் சத்தியச் சோதனைக்கு உட்படுத்தினார். அவமானம் தாங்காமல் அந்தப் பெண் நஞ்சு குடித்து இறந்தார். சபை கூடி, குற்றம் அதிகாரி மேல்தான் என்று தீர்மானித்தது. அவர் விளக்குக்காக 32 காசு கட்டினார். வரி வசூலிக்க வந்தவரையே தண்டிக்கும் துணிவு அந்தச் சபைக்கு இருந்தது.

கல்வெட்டுகளில் வேறொரு வகைத் தண்டமும் அடிக்கடி வருகிறது. கோயிலுக்கு நிலமோ பொன்னோ பெற்றுக்கொண்ட ஊர்ச்சபை, இன்ன கடமையை முட்டாமல் செய்வோம், தவறினால் நாளொன்றுக்கு இவ்வளவு பொன் அன்றாள் கோவுக்கு (அன்று ஆளும் அரசனுக்கு) தண்டமாகச் செலுத்த ஒட்டினோம் என்று எழுதிக் கொடுக்கும். இங்கே குற்றம் நடக்கவில்லை. வரப்போகும் தவறுக்கு முன்கூட்டியே தாங்களே ஒப்புக்கொண்ட தொகை அது. இன்று நாம் கையெழுத்துப் போடும் ஒப்பந்தங்களில் இதே வகை இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவு, அதற்கு ஒரு கடிவாளம் போடுகிறது. எழுதிய தொகை எவ்வளவு பெரிதானாலும், நியாயமான இழப்பீட்டுக்கு மேல் நீதிமன்றம் தராது. வங்கிக் கடன் தவணை தாமதமானால் அபராத வட்டி போட்டு, அந்த வட்டிக்கும் வட்டி ஏற்றும் வழக்கத்தை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கையால் நிறுத்தியது. தாமதத்துக்குக் கட்டணம் வாங்கலாம். அதை வட்டியோடு சேர்த்துக் கூட்டக் கூடாது. வங்கிப் புத்தகத்தில் 'பீனல்' என்ற சொல்லைப் பார்த்து, ஏதோ குற்றம் செய்துவிட்டதாகக் கூச வேண்டியதில்லை. அது கொடுக்கல் வாங்கல் விவகாரம் மட்டுமே.

தண்டம் எவ்வளவு என்ற கேள்வி மிகப் பழையது. அர்த்தசாத்திரம் மூன்று படிகள் சொல்கிறது: கீழ்ப்படி 48 முதல் 96 பணம், நடுப்படி 200 முதல் 500, மேல்படி 500 முதல் 1000. மனு 250, 500, 1000 என்று வகுக்கிறது. மனுவில் மனதை உறுத்துவது இந்த எண்கள் இல்லை. ஒரே வசைச் சொல்லுக்கு, பேசியவரின் வருணத்தையும் கேட்டவரின் வருணத்தையும் பார்த்துத் தொகை மாறும். க்ஷத்திரியன் பிராமணனைத் திட்டினால் 100. பிராமணன் க்ஷத்திரியனைத் திட்டினால் 50, வைசியனை என்றால் 25, சூத்திரனை என்றால் 12. சூத்திரன் பிராமணனைத் திட்டினால் பணத்தோடு விடுவதில்லை, உடலில்தான் தண்டனை. அதே நூல் இன்னொரு இடத்தில், சாதாரண மனிதனுக்கு ஒரு காசு என்றால் அதே குற்றத்துக்கு அரசனுக்கு ஆயிரம் என்றும் சொல்கிறது. ஆனால் அரசனைத் தண்டிக்க யார் இருந்தார்கள்?

இங்கிலாந்தில் 1215ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டா வேறொரு திசையில் யோசித்தது. தண்டம் குற்றத்தின் அளவுக்கு ஏற்ப இருக்க வேண்டும். அதோடு, பிழைக்கும் வழியைப் பறிக்கக் கூடாது. வணிகனிடம் தண்டம் வாங்கலாம், அவன் சரக்கை விட்டுவிட வேண்டும். குடியானவனிடம் வாங்கலாம், அவன் உழவுக்கு வேண்டியதை விட்டுவிட வேண்டும். அதே நாட்டு நீதிமன்றங்களில் 'ஃபைன்' என்ற சொல்லுக்குத் தண்டனையோடு சம்பந்தமே இல்லாத ஒரு வாழ்வும் இருந்தது. நிலத்தைக் கைமாற்ற விரும்பும் இருவர் பெயருக்கு ஒரு வழக்குப் போட்டு, அதைச் சமரசமாக முடித்து, அந்தச் சமரசத்தை ஒரே தோலில் மூன்று படிகளாக எழுதி வெட்டி, ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு மூன்றாவதை நீதிமன்றத்தில் வைத்துவிடுவார்கள். நிலத்தகராறுக்கு அதுவே கடைசி முடிவு. 1833இல்தான் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள். பழைய ஆங்கில ஆவணங்களைப் படிக்கும் மாணவர்கள் 'ஃபைன்' என்று கண்டதும் ஏதோ குற்றம் என்று எண்ணிவிடக் கூடாது.

நம் நாட்டில் 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் தண்டத்துக்குச் சாதிவாரி அளவுகளை வைக்கவில்லை. தொகை குறிப்பிடப்படாத இடத்தில் உச்சவரம்பு கிடையாது, ஆனால் மிதமிஞ்சியதாகவும் இருக்கக் கூடாது என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் 8ஆம் பிரிவில் அதையே சொல்கிறது.

இனி சாலைக்கு வருவோம். செஞ்சி கூட்டுரோட்டில் போக்குவரத்துக் காவலர் கையில் இருக்கும் சிறு இயந்திரத்தில் வரும் சலான், பெரும்பாலும் நீதிமன்றம் விதித்த அபராதம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 200ஆம் பிரிவின்படி, கோர்ட்டுக்குப் போகாமல் அங்கேயே இணங்கித் தீர்த்துக்கொள்ளும் தொகை. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஹெல்மெட் இல்லாத பயணத்துக்கு 100 ரூபாயாக இருந்ததை 1000 ஆக்கியது; தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் புதிய தொகைகள் அமலுக்கு வந்தன. கட்டினால் அந்தத் தவறுக்கு மேல் நடவடிக்கை இல்லை. அந்த அளவுக்கு விஷயம் முடிந்தது உண்மைதான். ஆனால் அதே திருத்தம் ஒரு வாலையும் சேர்த்திருக்கிறது: இணங்கித் தீர்த்ததும் முதல் தவறாகவே எண்ணப்படும். அடுத்த முறை பிடிபட்டால் 'இரண்டாம் தடவை' என்ற கணக்கில்தான் நிற்பீர்கள். ஓட்டுநர் உரிமத்தை முடக்கும் நடவடிக்கையும் சலான் கட்டியதால் நின்றுவிடாது.

லாரிக்காரர்கள் இதை வேறு விதமாகத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஜல்லியும் எம் சாண்டும் ஏற்றும் லாரிகளில் கூடுதல் பாரத்துக்கான தொகையை டீசல், பேட்டா போல ஒரு செலவாகவே கணக்கில் எழுதும் வழக்கம் உண்டு. சட்டம் அதை அப்படி வைக்கவில்லை. 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் கட்டிய பிறகும், அதிகப் பாரத்தை இறக்கிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு பாரத்தோடு வண்டியை விட்டால் அது அபராதம் ஆகாது, அனுமதிச் சீட்டாகிவிடும். விதிப்படி நடக்கும் ஓட்டுநருக்கும், அந்தச் சாலையில் பள்ளிக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைக்கும் அது துரோகம்.

1000 ரூபாய் எல்லோருக்கும் ஒரே 1000 ரூபாய் ஆகாது. கொத்தனாருக்கு அது கிட்டத்தட்ட ஒரு நாள் கூலி. கார் வைத்திருப்பவருக்கு ஒரு வேளை ஓட்டல் சாப்பாடு. பின்லாந்து 1921இலேயே இதற்கு ஒரு வழி கண்டது. தண்டத்தை நாள் கணக்கில் விதிப்பார்கள்; ஒரு நாளின் மதிப்பை அவரவர் வருமானம் தீர்மானிக்கும். 2002இல் வேகமாக ஓட்டியதற்காக நோக்கியா நிறுவன உயர் அதிகாரி ஒருவருக்கு 1,16,000 யூரோ விதிக்கப்பட்டு, பிறகு மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. நம் சாலை அபராதங்கள் இப்படி வருமானத்தைப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

கோர்ட்டுக்குப் போனால் நிலைமை மாறுகிறது. பெட்டி கேஸில் கூண்டில் ஏறி, "ஒத்துக்கிறேன் ஐயா" என்று ஒரு வார்த்தை சொல்லி, சில நூறு ரூபாய் கட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்று இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. காரியம் சீக்கிரம் முடிகிறது, உண்மைதான். ஆனால் நடந்திருப்பது குற்றத்தீர்ப்பு. தொகை சிறிது என்பதால் தீர்ப்பு சிறிதாகிவிடாது. சில ஆண்டுகள் கழித்து அதே இளைஞர் காவலர் தேர்வில் உடல்தகுதி, எழுத்து எல்லாம் தேறி, காவல்துறை சரிபார்ப்பு வரும்போது, 'உங்கள் மேல் வழக்கு உண்டா' என்ற கட்டத்தில் பேனா நின்றுவிடும். மறைத்தால் அது தனிக் குற்றச்சாட்டு, சொன்னால் நிராகரிக்கப்படலாம். சலான் கட்டுவதும் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதும் ஒன்று என்று எண்ணியதன் விலை அது. ஒப்புக்கொள்ளும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வசதி இல்லாதவர்கள் இலவசச் சட்ட உதவி மையத்தை நாடலாம்.

கட்ட முடியாதவர் என்ன ஆவார்? அபராதம் கட்டத் தவறினால் இவ்வளவு காலம் சிறை என்று நீதிபதி தீர்ப்பிலேயே சொல்லலாம். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றங்களில் இதற்கு எல்லை உண்டு: 5,000 ரூபாய் வரை இரண்டு மாதம், 10,000 வரை நான்கு மாதம், அதற்கு மேல் ஓராண்டு. உள்ளே இருக்கும்போது ஒரு பகுதியைக் கட்டினால் அந்த விகிதத்தில் நாட்கள் குறையும். சிறைக்குப் பதிலாகச் சில சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையையும் புதிய சட்டம் கொண்டுவந்திருக்கிறது. தண்டனைக் காலம் முடிந்தும் சில ஆயிரம் ரூபாய் இல்லாததால் உள்ளேயே கிடக்கும் ஏழைகளுக்காக ஒன்றிய அரசு 2023இல் ஒரு திட்டம் அறிவித்தது. அதில் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரை உதவி கிடைக்கும். சிறையில் உள்ளவரின் குடும்பத்துக்கு இது பெரும்பாலும் தெரிவதில்லை.

மறுபக்கம், பணம் உள்ளவர் செத்தாலும் அபராதம் சாவதில்லை என்பது பொது விதி. அது உடலைவிட்டுச் சொத்தைப் பற்றிக்கொள்கிறது. அதைக் கலெக்டர் மூலம் நிலவரி நிலுவை போல வசூலிக்கவும் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆனால் தீர்ப்பு இறுதியாகும் முன்னே மரணம் வந்தால் சிக்கல். சொத்துக்குவிப்பு வழக்கில் 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனி நீதிமன்றம் ஜெ. ஜெயலலிதாவுக்கு விதித்தது நான்காண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும். உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் இருக்கும்போது 2016 டிசம்பரில் அவர் காலமானார். 2017 பிப்ரவரி 14 தீர்ப்பில் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போனதாக நீதிமன்றம் சொன்னது. அபராதத்தையாவது சொத்திலிருந்து வசூலிக்க வேண்டும் என்று கர்நாடகம் கேட்ட மறுசீராய்வும் நிராகரிக்கப்பட்டது. உடன் தண்டிக்கப்பட்ட வி.கே. சசிகலாவுக்கான 10 கோடி 2020 நவம்பரில் கட்டப்பட்டது.

தனி மனிதர் தவறுக்கு ஊர் முழுவதும் கட்டும் தண்டமும் உண்டு. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதை ஒட்டி எழுந்த கலவரத்துக்குப் பிறகு, திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் தண்டப் போலீஸை நிறுத்தி, அந்தச் செலவை மக்கள் தலையில் வரியாகக் கட்டினார்கள். 1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை அடக்க, கூட்டு அபராத அவசரச் சட்டமே வந்தது. குற்றம் செய்யாதவனையும் சேர்த்துத் தண்டிப்பது என்பதால் இதை நாம் வெறுத்தோம். ஆனால் சுதந்திர இந்தியாவும் அதே கருவியை ஓரிடத்தில் வைத்திருக்கிறது. தீண்டாமைக் குற்றத்துக்கு ஒரு பகுதி மக்கள் துணைபோனால், குற்றவாளியை மறைத்தால், மாநில அரசு அவர்கள் மேல் கூட்டு அபராதம் விதிக்கலாம் என்று குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் 10-ஏ பிரிவு 1976இல் சேர்க்கப்பட்டது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதை ஏற்றுக்கொண்டது. ஊரே சேர்ந்து வாய் மூடிக்கொள்ளும் குற்றத்துக்கு ஊரே பொறுப்பு என்ற நியாயத்தை என்னால் ஏற்க முடிகிறது. தீண்டாமை அப்படித்தான் நடக்கிறது.

ஆனால் ஊரே கூடி ஒருவருக்குத் தண்டம் விதிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. காதல் திருமணம் செய்தவருக்கோ, திருவிழாவில் முறை மீறியதாகச் சொல்லப்பட்டவருக்கோ கட்டப்பஞ்சாயத்து போடும் அபராதத்தை அன்றைய நாட்டார் சபையோடு ஒப்பிட்டுப் பெருமை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நாட்டார் சபை அக்காலத்து ஆட்சி ஏற்ற அமைப்பு. இன்று அந்த அதிகாரம் நீதிமன்றத்துக்கும், சட்டம் பெயர் சொல்லி அதிகாரம் தந்த அலுவலர்களுக்கும் மட்டுமே. 2011 ஏப்ரலில் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம், அதை ஒழிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டை வைத்தே சொன்னது. அப்படி வாங்கும் பணத்துக்கு அபராதம் என்று பெயர் கிடையாது. மிரட்டி வாங்கினால் மிரட்டிப் பணம் பறித்த குற்றம்.

கோட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஏறுகிறவர்கள் தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகையைக் கடந்துதான் போகிறார்கள்: நினைவுச் சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்று மாதமும் 5,000 ரூபாயுமாக இருந்ததை 2010இல் உயர்த்தினார்கள். 2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகளின் வரிசையில் செஞ்சி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டதால், 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட எல்லைக்குள் வீடு கட்டுவதைப் பற்றிய பேச்சு ஊரில் கூடியிருக்கிறது. அபராதத்தைக் கட்டிவிட்டால் கட்டடம் நிலைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அபராதம் ஒருபுறம், இடிக்கும் உத்தரவு மறுபுறம் என்று இரண்டும் தனித்தனியாக வரக்கூடியவை.

கடைசியாக, பாதிக்கப்பட்டவர் பங்கு. நீதிமன்றத்தில் கட்டும் அபராதம் இயல்பாக அரசுக் கணக்குக்குப் போகும். அடிபட்டவருக்கோ இறந்தவர் குடும்பத்துக்கோ அதிலிருந்து தரச் சொல்லும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஆம் பிரிவாக இருந்தது, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 395. அபராதமே விதிக்காத வழக்கிலும் தனியாக இழப்பீடு தரச் சொல்லலாம். தண்டனை பற்றி இரு தரப்பையும் நீதிபதி கேட்கும் நேரத்தில், அரசு வழக்கறிஞர் மூலம் இதைக் கேட்க வேண்டும். மருத்துவச் செலவு ரசீதுகள் அப்போது கையில் இருக்க வேண்டும். மேல்முறையீட்டுக் காலம் முடியும் வரை பணம் கைக்கு வராது. பிறகு அதே சம்பவத்துக்காகச் சிவில் வழக்குப் போட்டால், ஏற்கெனவே பெற்ற தொகையையும் அந்த நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.